ஐந்நூறு மோட்டாருக்கு ஒரு விலை

எங்கள் கம்பெனி மருத்துவமனைக் கட்டில் செய்கிறது. சாதாரணக் கட்டில் இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் எழும், இன்னொன்றை அழுத்தினால் கட்டிலே உயரும். ஒரு கட்டிலுக்கு இரண்டு மோட்டார். கீழ்த்தளத்தில் ஸ்டோர், அதற்கு நான் பொறுப்பு. ஸ்டோரை ஒட்டிய கூடத்தில் அசெம்ப்ளி. அங்கே பெண்கள் நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வயர் இணைத்து மோட்டார் பூட்டுவார்கள். என் வீட்டுக்காரியும் அதில் ஒருத்தி. மாடியில் பர்சேஸ் அறை. அங்கே இருப்பது என் வீட்டுக்காரியின் அக்கா, எனக்கு அண்ணி முறை. அண்ணிக்கு மேலே முதலாளி, முதலாளிக்கு மேலே கூரைத் தகரம். கம்பெனி அவ்வளவுதான்.

அண்ணியின் வேலை விலை கேட்பது. மோட்டார், சக்கரம், ரிமோட் எல்லாம் கடல் தாண்டி வருகிறவை. யாரிடம் என்ன விலை, எந்தத் துறைமுகம் வரைக்கும் அந்த விலை, பெட்டிக் கூலி அதில் சேர்த்தியா, எந்தத் தேதி வரை அந்த விலை செல்லும் என்று எழுதிக் கேட்டு, வந்ததை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதலாளியிடம் வைப்பார். முன்பு ஒரு தடவை இப்படித் துருவிக் கேட்காமல் விட்டதில் மோட்டார்கள் ப்ளக் இல்லாமல் வந்து இறங்கின. சொன்ன விலையில் ப்ளக் சேர்த்தி இல்லையாம். அந்த வாலறுந்த மோட்டார்களை மாதக்கணக்கில் ஸ்டோரில் அடுக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் அண்ணி கேட்காத கேள்வி கிடையாது. வயர் எவ்வளவு நீளம் என்பதிலிருந்து அந்த வயரைச் சுற்றியிருக்கும் ரப்பர் யார் செலவு என்பது வரை கேட்பார்.

வீட்டிலும் அதே குணம்தான். ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவதானாலும் மூன்று கடை ஏறி இறங்க வேண்டும். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்து ஆளாக்கியவர், தனக்கென்று ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளாமல் எங்களோடே இருந்துவிட்டார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று இடம் விசாரித்திருக்கிறார். கல்யாணமான புதிதில், மூன்று பேரில் நான்தான் சல்லிசு போலிருக்கிறது என்று வாயை விட்டேன்.

"சல்லிசு எல்லாம் இல்ல மாப்பிள்ளை. மத்த ரெண்டு பேரும் கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லலை" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவர் வருஷக்கணக்காக ஒரு பொய்யை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். கையெழுத்துதான் அவருடையது, பொய் முதலாளியுடையது.

எங்கள் முதலாளிக்கு நிஜ எண்ணைச் சொன்னால் நாக்கில் கொப்புளம் வந்துவிடும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால் காவலாளியின் நாயையும் சேர்த்துச் சொல்கிற ஆள். வெளிநாட்டில் விலை கேட்பதற்கு அவர் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். ஐம்பது மோட்டார் வேண்டுமா, ஐந்நூறு என்று எழுது. நிறைய வாங்குகிறவனுக்குத்தானே விலை குறையும்? விலை கைக்கு வந்த பிறகு, இப்போதைக்கு ஐம்பது அனுப்புங்கள், மீதியை அப்புறம் பார்ப்போம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த அப்புறம் ஒரு நாளும் வந்ததில்லை.

ஐம்பதுக்கு என்ன விலை, ஐந்நூறுக்கு என்ன விலை, ஐயாயிரத்துக்கு என்ன விலை என்று ஸ்லாப் போட்டுக் கேட்டுவிடலாமே என்று அண்ணி ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்படிக் கேட்டால் நம் உயரம் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று முதலாளி மறுத்துவிட்டார். ஐந்நூறின் விலையில் ஐம்பதை வாங்கிவிட்டேன் பார்த்தாயா என்று ஒவ்வொரு தடவையும் மேசையைத் தட்டிச் சிரிப்பார். அண்ணி சிரிக்க மாட்டார். ஒரு சைபரைக் கூட்டிப் போட்டு அனுப்புகிற நாளில் அவருக்கு மதியச் சாப்பாடு இறங்காது. டப்பாவை அப்படியே என் பக்கம் தள்ளிவிடுவார். எனக்குக் கொஞ்சம் தொப்பை போட்டதற்கு முதலாளியின் பொய்யும் ஒரு காரணம்.

இந்த வருஷம் ஆர்டர் வற்றிவிட்டது. அசெம்ப்ளி மேசையில் பாதி நாள் வேலை இல்லை. பெண்கள் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் முதலாளி கீழே இறங்கி வந்தார். பெரிய ஆர்டர் ஒன்று வராவிட்டால் இந்த மாதக் கடைசியோடு அசெம்ப்ளியை மூடிவிட்டு, அந்த வேலையை வெளியே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கூடத்தில் பதினெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர் படி ஏறிப் போன பிறகுதான் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் விழுந்த வேகத்திலேயே என் வீட்டுக்காரியின் மனசு எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு வேறு வேலை தெரியாது. வயரைக் கையில் கொடுத்தால் பேசிக்கொண்டே, பார்க்காமலே, எந்த நிறம் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொருகுவாள். அதுதான் அவள் பெருமை, அதில்தான் அவளுக்கு நாலு பேர் சிநேகிதம். "இந்த வயசுல நான் இனிமே எங்க போய் நிப்பேன்?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, அக்காவிடம் கேட்டாள்.  அண்ணி, தங்கை சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

இரண்டு வாரத்தில் அந்த டெண்டர் வந்தது. புதிதாகக் கட்டிய ஒரு பெரிய மருத்துவமனைக்கு இருநூற்றைம்பது கட்டில். அதாவது ஐந்நூறு மோட்டார். அது கிடைத்தால் அசெம்ப்ளி பிழைத்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. மோட்டார் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி கையெழுத்துப் போட்ட விலைத்தாளை இணைக்க வேண்டும், அதில் நிஜ எண்ணிக்கை இருக்க வேண்டும், மருத்துவமனைக்காரர்களே அந்தக் கம்பெனியிடம் விசாரித்தும் கொள்வார்கள். ஆகவே இந்தத் தடவை ஐந்நூறை ஐந்நூறு என்றுதான் எழுத முடியும். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தார். அண்ணி அன்றைக்கு டப்பாவில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மோட்டார்க் கம்பெனியில் எங்களுக்கு விலை போடுகிறவர் ஒரு பெண்மணி. ஆபீஸில் நாங்கள் வைத்த பெயர் மோட்டாரம்மா. அண்ணியும் அவரும் பத்து வருஷத்துக்கு மேல் எழுதிக்கொள்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில், உடம்பு எப்படி, அங்கே மழையா என்று இரண்டு வரி எழுதிவிட்டு அப்புறம் மோட்டாருக்கு வருவார்கள்.

மோட்டாரம்மா இழுத்தடித்து, டெண்டர் போட வேண்டிய கடைசி நாள் காலையில்தான் விலை அனுப்பினார். மூன்று மணிக்கு மருத்துவமனையில் டெண்டர் பெட்டியை மூடிவிடுவார்கள். ஸ்டோர் சீட்டுகளில் கையெழுத்து வாங்க நான் மாடிக்குப் போனபோது அண்ணி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு மோட்டாருக்கு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ விலையை வெளியே சொன்னால் முதலாளி என் தோலை உரித்துவிடுவார். வழக்கமாக ஐந்நூறு என்று எழுதி நாங்கள் வாங்கும் ஐம்பது மோட்டாருக்கு அந்த நூறுதான் விலை. இப்போது ஐந்நூறையும் ஒரே தடவையில் நிச்சயம் வாங்குவோம் என்று எழுதிக் கேட்டதற்கு வந்திருப்பதும் அதே நூறு. ஒரு காசு குறையவில்லை. போட்டிக்கு நிற்கிறவர்கள் எழுபது, எழுபத்தைந்துக்கு மோட்டார் வாங்குகிறவர்கள். இந்த விலையில் டெண்டர் போடுவதும் ஒன்றுதான், காகிதத்தைக் கிழித்துப் போடுவதும் ஒன்றுதான். 

முதலாளி வந்து பார்த்தார். "நான்தான் அப்பவே சொன்னேனே. உண்மையைச் சொன்னா இதுதான் கிடைக்கும்" என்றார். கம்பெனி முழுகப் போகிற நேரத்தில் அந்த மனுஷனுக்குத் தான் சொன்னது சரியாகிவிட்டதில் ஒரு திருப்தி. நான் அண்ணியின் முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். உடனே ஐயாயிரம் வேண்டும் என்று எழுதச் சொன்னார். அண்ணி தயங்கித் தயங்கித்தான் எழுதினார். இந்தத் தடவை பதில் சீக்கிரமே வந்தது. எழுபது.

முதலாளி மேசையை ஓங்கித் தட்டினார். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்? என் வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்லக் காலைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் அண்ணி விலைத்தாளை விரலால் சுட்டினார். விலை எழுபது, எண்ணிக்கை ஐயாயிரம். டெண்டரிலோ ஐந்நூறு. இரண்டையும் சேர்த்து வைத்தால் உறையைப் பிரித்ததுமே தள்ளிவிடுவார்கள்.

"ஒரு சைபர்தானே" என்றார் முதலாளி. "அதை எடுத்துட்டு பிரிண்ட் போடும்மா."

அவர்கள் விசாரிப்பார்களே என்றார் அண்ணி. விசாரித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டால் இனி எந்த மருத்துவமனையும் நம்மை வாசலில் கூடச் சேர்க்காது, அசெம்ப்ளியோடு கம்பெனியும் சேர்ந்து போய்விடும் என்று அண்ணி நிதானமாகச் சொன்னார். முதலாளிக்கு நிதானம் பிடிக்கவில்லை.

"அப்ப நீயே கீழ போய் உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு, அடுத்த மாசத்துலேருந்து வரவேண்டாம்னு."

எனக்கு ரத்தம் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த சீட்டுக் கட்டை அவர் முகத்தில் விட்டெறியத் தோன்றியது. ஆனால் நான் அண்ணியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீபோர்டின் மேல் இருந்தது. அந்தச் சைபரை எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். எடுத்துவிட்டால்தான் என்ன என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கீழே என் பெண்டாட்டி காத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி கையை எடுத்துத் தொலைபேசியை இழுத்தார். "ஐம்பதுக்கும் நூறு, ஐந்நூறுக்கும் நூறு. இது என்ன விலைன்னு எனக்குப் புரியலை சார். அவங்களையே கேட்டுடறேன்" என்றார். அங்கே நமக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், ஆபீஸ் மூடுகிற நேரம் நெருங்கியிருந்தது. ஒன்றும் உளறி வைக்காதே என்று முதலாளி எச்சரித்தார். அந்த ரிசீவரில் சரியாகக் கேட்காது, எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். அதனால் மறுமுனையில் மணி அடித்தது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

மோட்டாரம்மாவின் குரல் நான் நினைத்ததைவிட வயதான குரல். அவர்கள் பேசிக்கொண்டது உடைந்த மொழியில், எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. ஐந்நூறுக்கு ஏன் ஐம்பதின் விலை என்று கேட்டார். அந்த அம்மா கொஞ்சம் சிரித்தார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

"நீங்க ஐந்நூறுன்னா எங்களுக்கு ஐம்பதுதானே? உங்க கம்பெனி எண்ணுல ஒரு சைபரைத் தள்ளிட்டுத்தான் நான் எப்பவும் விலை போடுவேன். எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவரே அப்படித்தான் சொல்லிக் குடுத்துட்டுப் போனார்."

முதலாளியின் முகம் சுண்டிவிட்டது. ஐந்நூறின் விலையில் ஐம்பதை வாங்குகிறேன் என்று இத்தனை வருஷமாக மேசையைத் தட்டியவர், ஐம்பதை ஐம்பதின் விலைக்கேதான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஐயாயிரம் என்றதும் எழுபது வந்ததற்கும் அதுதான் காரணம். அந்த அம்மா அதை ஐந்நூறு என்று படித்திருக்கிறார்.

இந்தத் தடவை நிஜமாகவே ஐந்நூறுதான் என்றார் அண்ணி. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் மோட்டாரம்மா. அப்புறம் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, "உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா உங்க எண்ணை இங்க யாரும் நம்ப மாட்டாங்க. எங்க மேனேஜர்கிட்ட நான் என்னன்னு சொல்லிக் கேப்பேன்?" என்றார்.

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. வாளிக்கு மூன்று கடை ஏறுகிறவர், ஒருவர் நேராகப் பதில் சொல்கிறாரா என்று பார்த்துத் தங்கைக்கு மாப்பிள்ளை எடுத்தவர், அவர் எண்ணை நம்ப ஆளில்லை. முதலாளி எழுந்து நின்று, போதும், போனை வை என்று கையால் வெட்டிக் காட்டினார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி மேசையைச் சுற்றித் தொலைபேசியை நோக்கி வந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, குறுக்கே போய் நின்று ஸ்டோர் சீட்டுகளை நீட்டி, "சார், ஒரு கையெழுத்து" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலையும் அந்த நிமிஷமே போயிருக்க வேண்டும்.

"நாங்க பொய்தான் சொல்லிட்டு இருந்தோம்" என்று அண்ணி சொல்வது கேட்டது. "ஒவ்வொரு தடவையும். எழுதினது நான்தான்."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. 

"இப்ப என்னை நம்புங்கன்னு கேக்கலைம்மா. நம்பவே வேண்டாம். ஐம்பதுக்கு ஒரு விலை, ஐந்நூறுக்கு ஒரு விலை, ஐயாயிரத்துக்கு ஒரு விலைன்னு மூணையும் ஒரே தாள்ல போடுங்க. எத்தனை வாங்குறோமோ அந்த வரியில இருக்கற விலைதான். குறைச்சு வாங்கினா குறைஞ்ச விலை கிடையாதுன்னு கொட்டை எழுத்துல எழுதிக்கங்க. நான் சொல்றது பொய்யா இருந்தா நஷ்டம் எங்களுக்கு, உங்களுக்கு இல்ல."

மோட்டாரம்மா யோசித்தார். மேனேஜர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருக்கிறார், பிடிக்க முடிகிறதா பார்க்கிறேன் என்றார். லைன் துண்டித்தது.

"இத்தனை வருஷ மானத்தைக் கப்பலேத்திட்ட" என்றார் முதலாளி.  அறையில் முன்னும் பின்னும் நடந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு டெண்டர்த் தாள்களை வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். மோட்டார் விலை வருகிற இடங்களை மட்டும் காலியாக விட்டு, மற்ற எல்லாவற்றையும் தட்டி முடித்தார். காலி இடம் நிரம்பினால்தான் கட்டில் விலை, அது நிரம்பினால்தான் மொத்தம். நான் சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றேன்.  எட்டிப் பார்த்தால் படியின் பாதியில் என் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். மேலே வரவும் இல்லை, கீழே போகவும் இல்லை. என்ன என்று கண்ணால் கேட்டாள். தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன். அதைவிடக் கஷ்டமான பதிலை நான் அவளுக்கு இதுவரை சொன்னதில்லை.

மேனேஜர் போய்விட்டார் என்று நான் மனசுக்குள் முடிவே கட்டிவிட்ட பிறகு பிரிண்டர் முனகியது. அண்ணி தாளை இழுத்துப் படித்தார். மூன்று வரி, மூன்று விலை, அடியில் கையெழுத்து. ஐந்நூறுக்கு அறுபத்தைந்து. நாங்கள் ஆசைப்பட்ட எழுபதைவிட ஐந்து குறைவு. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். முதலாளி தாளைப் பிடுங்கினார். அவர் கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. ஐம்பதுக்குத் தொண்ணூற்றிரண்டு.

மோட்டாரம்மா கூடவே இரண்டு வரி எழுதியிருந்தார். நிஜத்தில் எத்தனை வாங்குவார்கள் என்று தெரியாதபோது கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க விலையில் கொஞ்சம் ஏற்றி வைப்பேன், இனிமேல் அது வேண்டாம் என்று எழுதியிருந்தார். முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். அவர் கெட்டிக்காரத்தனத்துக்கு மோட்டாருக்கு எட்டு வீதம் இத்தனை வருஷமும் அபராதம் கட்டியிருக்கிறார். அவர் அண்ணியைப் பார்க்கவில்லை. தாளை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணி காலி இடங்களை நிரப்பி, ஒருமுறை கூட்டி, நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் கூட்டி, உறையில் போட்டு ஒட்டி என் கையில் திணித்தார். வண்டியில் உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு சிக்னல் விடாமல் சிவப்பு. ஒவ்வொன்றிலும் நின்று அதை வைத்தவனின் பரம்பரையையே திட்டினேன். மருத்துவமனையில் பெட்டி எந்த மாடி என்று கேட்டால் வாசலில் இருந்தவர் சாவகாசமாக மூக்குக் கண்ணாடியைத் தேடினார். மூன்று மாடி ஓடி ஏறினேன். பூட்டும் கையுமாக நின்ற குமாஸ்தாவிடம் பேச மூச்சு இல்லை. அவரைத் தாண்டிக் கையை நீட்டி உறையைப் பெட்டிக்குள் போட்டேன். அவர் பூட்டினார்.

டெண்டர் எங்களுக்குக் கிடைத்தது. இரண்டாவதாக வந்தவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். நாங்கள் எழுபதில் போட்டிருந்தால் அவர்தான் முதல். அன்று அசெம்ப்ளியில் ஒரே கூச்சல். என் வீட்டுக்காரி மாடிக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணியும் அழுதார், அழுதுகொண்டே, உடனே வேலையை ஆரம்பிக்க வேண்டும், போ கீழே என்று விரட்டினார்.

ஆர்டர் கையெழுத்தான மறுநாள் முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். அசெம்ப்ளியில் இவ்வளவு வேலை வந்துவிட்டது, மேற்பார்க்கப் பொறுப்பான ஆள் வேண்டும், நீ கீழே இருந்தால் தங்கைக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று தேனாகப் பேசினாராம். சம்பளத்தில் கை வைக்கவில்லை. பர்சேஸ் நாற்காலியில் தன் மச்சானைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். மேற்பார்வை என்பதெல்லாம் பேச்சுக்கு. கீழே அண்ணிக்கு இருந்தது மேசையின் ஓரத்தில் ஒரு ஸ்டூல்.

புதிதாக அசெம்ப்ளிக்கு வருகிறவர்களுக்கு ஸ்டோரிலிருந்து நான்தான் சாமான் கொடுக்க வேண்டும். ஒரு ஏப்ரன், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு வயர் கட்டர், கையெழுத்து. அண்ணி கவுண்டரில் வந்து நின்றார்.  அவர் காப்பாற்றிக் கொடுத்த மேசைக்கே அவரைத் தண்டனையாக அனுப்பியிருக்கிறார்கள், அதற்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன் நான். இப்போதே மேலே போய் அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கிறேன் என்றேன்.

"கேட்டு உங்க வேலையையும் கெடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. தங்கச்சிக்கு வேலை இருக்கு. அது போதும் எனக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போதும் என்று அவர் சொன்னாலும் முகம் போதும் என்று சொல்லவில்லை.

கீபோர்டு தட்டிய விரலுக்கு வயர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வாரமே இரண்டு விரலில் ப்ளாஸ்திரி. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள், அக்கா தப்பாகச் சொருகியதை யாரும் பார்ப்பதற்குள் மாற்றிச் சொருகினாள். வீட்டுக்கு வந்து என்மேல் பாய்வாள். நீங்கள் ஏன் கேட்கவில்லை, உங்களுக்கெல்லாம் ரோஷமே கிடையாதா என்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். வேறென்ன செய்ய? அண்ணி மட்டும் ஒன்றும் பேசமாட்டார். ஒரே ஒரு நாள், மேலே மச்சான் யாரிடமோ ப்ளக் சேர்த்தியா என்று கேட்காமலே விலை முடித்துவிட்டதைக் கேள்விப்பட்டபோது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

பெரிய ஆர்டர் பாதி முடிந்திருந்தபோது சின்ன மருத்துவமனை ஒன்றிலிருந்து அவசரமாக நாற்பது கட்டில் கேட்டார்கள். அதற்கு எண்பது மோட்டார் வேண்டும். முதலாளி பட்டதெல்லாம் மறந்து பழைய சட்டத்துக்கே போய்விட்டார். மச்சான் அவர் சொன்னபடி எண்ணூறு என்று எழுதினார். வழக்கமாக எழுதுகிற அம்மா எங்கே என்று மோட்டாரம்மா திருப்பிக் கேட்டார். அவர் இப்போது இந்த வேலையில் இல்லை என்று மச்சான் எழுதிவிட்டார். அடுத்த பதிலில் விலை வந்தது. மோட்டாருக்கு நூற்றுமுப்பது. மச்சான் பதறிப்போய் போன் போட்டாராம். புது ஆள் என்பதால் இரண்டு சைபரைத் தள்ளிவிட்டேன், எட்டு மோட்டாருக்கு அந்த விலைதான், பழைய அம்மாவே எண்ணைச் சொல்லட்டும், வேறு விலை போடுகிறேன் என்று மோட்டாரம்மா சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் முதலாளி அசெம்ப்ளிக்கு இறங்கி வந்தார். நான் கூடத்தில்தான் வயர்ச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தேன். அவர் நேராக மேசையின் ஓரத்துக்குப் போய், கொஞ்சம் மேலே வந்து மோட்டாரம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடம்மா என்று அண்ணியிடம் சொன்னார். குரலில் மறுபடியும் தேன்.

அண்ணி தலையைத் தூக்கவில்லை. ஒரு மோட்டாரைக் கட்டில் சட்டத்தில் வைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வேணும் சார்?"

"எண்ணூறுன்னு எழுதியிருக்கு. அதையே நீ சொன்னா போதும்."

அண்ணி திருகாணியை இன்னும் ஒரு சுற்று முடுக்கினார். "நிஜமா எத்தனை வேணும்?"

பதினெட்டுப் பெண்களின் கையும் நின்றுவிட்டது. என் வீட்டுக்காரி ஒரு வயரைப் பாதி சொருகியபடி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி சுற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன், இந்தத் தடவை கையில் நீட்டச் சீட்டு எதுவும் இல்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"எண்பது" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். மேசையின் அந்தக் கோடியில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை. "எவ்வளவுன்னு சொன்னார்?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் முதலாளியையே பார்த்தாள்.

"எண்பது" என்று அவர் மறுபடியும் சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"சரி சார். இந்தக் கட்டிலை முடிச்சுட்டு வர்றேன்" என்றார் அண்ணி. அந்தப் பக்கத்தைப் பிடி என்று தங்கையைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகச் சட்டத்தைத் திருப்பிப் போட்டு இரண்டாவது மோட்டாரை எடுத்தார்கள். முதலாளி அங்கேயே நின்று காத்திருந்தார்.